எந்த மார்த்தோன்னே?

எத்தெல்கா இறந்து இருபது நாள் ஆகிறது. சங்கப் பத்திரிகையில் நாலு வரி போட்டிருக்கிறார்கள். "நம் சங்கத்தின் பொருளாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் அரும்பணி ஆற்றிய அமரர் ஷிப்போஷ் வெண்டெலின் மனைவி ஷிப்போஷ் வெண்டெல்னே காலமானார். கணவருக்கு உற்ற துணையாக இருந்தவர். சங்க விழாக்களில் அவர் சமைத்த கோழிக் குழம்பை யாரும் மறக்க முடியாது." அவ்வளவுதான். எத்தெல்கா என்ற பேரே அதில் இல்லை. படித்து முடித்ததும் பத்திரிகையைக் கசக்கி அடுப்பில் போட்டேன். அவளுடைய கோழிக் குழம்பு ஒன்றும் பிரமாதமில்லை. உப்பு எப்போதும் தூக்கல்.

நான் தையல்காரன் கால்மான். பத்தொன்பது வருடம் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பதிவேடு எல்லாம் என் கையெழுத்து. அதனால் இந்த நாலு வரியில் எங்கெங்கே பொய் இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை. அதில் பாதிப் பொய்யை முதலில் எழுதி வைத்தவனே நான்தான்.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் மொனங்காஹீலா ஆற்றங்கரை எஃகு ஆலைகளுக்குக் கப்பலேறி வந்த ஹங்கேரிக்காரர்கள் நாங்கள். ஆலையில் ஒருவன் கை போனால் கேட்க நாதியில்லை. செத்தால் சவப்பெட்டிக்குக் காசில்லை. ஆகவே ஆளுக்கு மாதம் ஒரு டாலர் போட்டு நாங்களே ஒரு நோயுதவிச் சங்கம் வைத்துக்கொண்டோம். படுத்தால் வாரம் ஐந்து டாலர், செத்தால் குடும்பத்துக்கு ஆயிரம் டாலர். 1911இல் வெண்டெலைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் இரண்டு. ஒன்று, அவர் குடிக்க மாட்டார். இன்னொன்று, புகைப்படத்துக்கு ஏற்ற மீசை. கணக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கு வராது. முதல் மூன்று மாதத் தணிக்கையில் பெட்டியில் பதினாலு டாலர் அதிகம் இருந்தது. குறைந்தால் திருடன் என்பார்கள், அதிகமானால் என்ன என்பது? தணிக்கைக்காரர்கள் முழித்தார்கள். விஷயம் இதுதான்: எங்கே குறைந்துவிடுமோ என்ற பயத்தில் வெண்டெல் வாரா வாரம் தன் கூலியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் சோப்பு வாங்கக்கூடக் காசில்லையே, எங்கே போகிறது என்று எத்தெல்கா தேடியபோது குட்டு வெளிப்பட்டது. கணக்கு நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, "இனிமே இத நீங்க தொட்டீங்க, அந்த மீசைய வழிச்சிடுவேன்" என்றாள். அன்றோடு சரி. அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் வெண்டெல் அந்த நோட்டைக் கையெழுத்துப் போட மட்டுமே தொட்டார்.

அவள் பிறந்தது எங்கள் நாட்டில், தீஸா ஆற்றங்கரையில். அப்பா படகுத்துறையில் சுங்கம் வசூலிப்பவர், ஆனால் பாதி நேரம் போதையில் கிடப்பவர். எத்தனை வண்டி, எத்தனை மாடு, எத்தனை ஆள் என்று எட்டு வயதிலிருந்து எண்ணிக் காசு வாங்கியவள் எத்தெல்காதான். ஏமாற்றப் பார்க்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அங்கேயே படித்துவிட்டாள். அந்தப் படிப்பு இங்கே எங்களிடம் நன்றாகவே உதவியது.

சம்பளச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆலைக் கதவு திறக்கும். கதவுக்கும் சாராயக் கடைக்கும் நடுவில் சந்தா வாங்க மாவு டப்பாவோடு நிற்பாள். மதுவிலக்கு வந்த பிறகு அது சோடாக் கடை என்று பேர் மாறியது, அவள் நிற்கும் இடம் மாறவில்லை. "மொதல்ல சாவு, அப்புறம் சாராயம். எடு டாலர." எவனாவது, "நான் இன்னும் சாகலியே அக்கா" என்று கிண்டல் செய்தால், "நீ எப்ப வேணா செத்துக்க, எனக்கென்ன? உன் பொண்டாட்டி என் வாசல்ல வந்து அழக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறேன்" என்பாள். மழையோ பனியோ, ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. பிரசவம் ஆன வாரம்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்கினாள்.

1918 விஷக்காய்ச்சலில் ஐந்து வாரத்துக்குள் இருபத்துமூன்று பேர் போனார்கள். ஆற்றுக்கு மேலும் கீழும் இருந்த சங்கங்கள் கையை விரித்துவிட்டு மூடிக்கொண்டன. எங்கள் இருப்பு எட்டுப் பேருக்குக்கூடக் காணாது. எத்தெல்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு விதவை வீட்டுக்கும் போய் உட்கார்ந்தாள். இப்போது மூன்றில் ஒரு பங்கு, மீதி மாதா மாதம் இவ்வளவு என்று பேசி முடித்தாள். உயிரோடு இருந்தவர்களிடம் சாவுக்கு அரை டாலர் வீதம் கூடுதலாகக் கறந்தாள். இரண்டு வருடத்தில் கடைசி விதவைக்குக் கடைசி சென்ட் வரை போய்ச் சேர்ந்தது. அதற்காகச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? வெண்டெலுக்குத் தங்கக் கடிகாரம் போட்டது. "பொருளாளரின் நிகரற்ற திறமையைப் பாராட்டி" என்று குறிப்பில் எழுதினேன், கூச்சமே இல்லாமல். அவள் அந்தக் கடிகாரத்தைச் சமையலறை ஆணியில் மாட்டி முட்டை வேகிற நேரம் பார்த்தாள்.

இப்போது மார்த்தோன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்களில் குடும்பப் பேர் முன்னால் வரும், சொந்தப் பேர் பின்னால். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவள் சொந்தப் பேர் போயே போச்சு. கணவன் பேரோடு ஒரு 'னே' ஒட்டும், அதுதான் இனி அவள். பக்கோ மார்த்தோனின் மனைவி பக்கோ மார்த்தோன்னே. 1912இல் அவன் சங்கத்தில் சேர்ந்தபோது, செத்தால் பணம் யாருக்கு என்ற கட்டத்தில் அப்படித்தான் எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன். அப்போது அவன் மனைவி யூலி. அவள் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். 1921இல் போர்பாலா என்கிற விதவையைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் ஆன மறு வாரமே என் கடைக்கு வந்தான்.

"கால்மான், அந்த இன்சூரன்ஸ் தாள்ல பேர மாத்தணுமே."

எனக்குக் கையில் வேலை. கிறிஸ்துமஸுக்குத் தைத்துத் தர வேண்டிய கோட்டுகள் குவிந்து கிடந்தன. "தாள்ல என்ன பேரு இருக்கு?" என்றேன்.

"பக்கோ மார்த்தோன்னே."

"இப்ப உன் பொண்டாட்டி பேரு?"

"பக்கோ மார்த்தோன்னே."

"அப்ப என்னத்த மாத்தறது? அதே பேருதானடா. மாத்தறதுக்கு அம்பது சென்ட் கட்டணம் வேற. அத மிச்சம் புடிச்சு சாசேஜ் வாங்கித் தின்னு போ."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சாசேஜ் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். அது பின்னால் தெரிந்தது.

1926 மார்ச்சில் உலையிலிருந்து சரிந்த இரும்புக் குழம்பில் மார்த்தோன் போனான். சவ அடக்கத்துக்குச் சங்கம் முழுக்க வந்தது. நாங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சங்கப் பட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. விழாவுக்கு எங்கள் நாட்டுக் கொடியின் சிவப்பு வெள்ளை பச்சை, சாவுக்குத் திருப்பினால் கறுப்பு. நூறு பேர் கறுப்பைக் காட்டிக்கொண்டு வாத்தியத்தோடு நடந்தோம். தலைவர் ஹலாஸ் கெர்கெய், கசாப்புக் கடைக்காரர், கல்லறையில் பேசியபோது அவருக்கே அழுகை வந்துவிட்டது. "நம்ம சகோதரனோட குடும்பம் நம்ம குடும்பம்" என்றார். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள்.

போர்பாலாவுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது ஆலை வீடு. அதில் ஆறு பேருக்குப் படுக்கையும் சாப்பாடும் போட்டுப் பிழைத்தாள். ஆலையில் ஆள் செத்தால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேட்டுத் தெருவில் ஒரு கிழவர் தன் மர வீட்டை எண்ணூறு டாலருக்குத் தருகிறேன், முப்பது நாள் வரை பொறுக்கிறேன் என்றார். சங்கப் பணம் ஆயிரம் வந்தால் வீடு அவளுக்கு. ஆறு பேரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளோடு வருவார்கள், அவள் பிழைப்பு நடக்கும். வராவிட்டால் நடுத்தெரு. இதில் புரியாத சங்கதி எதுவும் இல்லை.

பதினோராம் நாள் ஞாயிறு மதியம் கூட்டம். அப்போதுதான் கெர்கெய் புது மண்டபம் கட்டி முடித்திருந்தார். மண்டபத்தின் கடன் கழுத்தை நெரித்தது. அது போதாதென்று பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓவியனைக் கூப்பிட்டு மேடைக்கு ஒரு திரை. எங்கள் நாட்டுப் புல்வெளி, ஏழு குதிரை, அறுநூற்று நாற்பது டாலர். அந்தப் பில் மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் மார்த்தோனின் தாள்.

கெர்கெய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "தேதி என்ன? 1912. அப்ப மார்த்தோன் பொண்டாட்டி யாரு? யூலி. யூலி செத்து எட்டு வருஷம் ஆவுது. பேர் குறிச்ச ஆளு முன்னாடியே செத்து, வேற பேரும் மாத்தி எழுதலேன்னா, பணம் சங்கத்துக்கே. இது நான் சொல்லல, பதினேழாம் விதி சொல்லுது. எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, என்ன பண்றது?"

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பெண்கள் எல்லாரும் கீழே சமையலறையில் இருக்க வேண்டியவர்கள். எத்தெல்கா இடுப்பில் கட்டிய சமையல் முன்கச்சையோடு, கையில் மாவோடு, அக்குளில் காசோலைப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"செக் எழுதிட்டு வந்திருக்கேன் தலைவரே. ஒங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அவளுக்கு இன்னும் பத்தொம்போது நாள்தான் இருக்கு."

"இது ஆம்பளைங்க கூட்டம் எத்தெல்கா. கீழ போ. குழம்பு அடிப்பிடிக்கப் போவுது."

"பிடிக்கட்டும்."

"உறுப்பினர் இல்லாதவங்க இங்க பேசக் கூடாது. விதி."

"பொருளாளர் பேசலாம்ல?" என்று திரும்பினாள். "ஏங்க, எந்திரிங்க. பேசுங்க."

வெண்டெல் எழுந்தார். மீசையை இழுத்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, "அவ என்ன சொல்றாளோ, அதான் நான் சொல்றது" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பொருளாளர் நின்றுகொண்டிருக்கும்வரை அவர் பேச்சை நிறுத்தக் கூடாது என்பதும் விதிதான். கெர்கெய் வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப பொருளாளர் கேக்கறாரு" என்றாள் எத்தெல்கா. "அந்தத் தாள்ல இருக்கற பேரு என்ன?"

"பக்கோ மார்த்தோன்னே" என்றார்கள்.

"கீழ வெங்காயம் உரிச்சிட்டு உக்காந்திருக்காளே, அவ பேரு என்ன?"

பின்வரிசையில் ஒருவன் மட்டும், "பக்கோ மார்த்தோன்னே" என்றான்.

"அப்புறம் என்னய்யா?"

"அது வேற மார்த்தோன்னே" என்றார் கெர்கெய்.

"எந்த மார்த்தோன்னே? இருநூத்தி நாப்பது பொண்டாட்டிங்க இருக்கோம் இந்தப் பதிவேட்டுல. ஒருத்திக்காவது அவ பேர எழுதியிருக்கீங்களா? சமைக்கறப்ப, தொவைக்கறப்ப, படுக்கறப்பல்லாம் எவளா இருந்தா என்னன்னு ஒரே பேர ஒட்டி வெச்சிட்டீங்க. காசு குடுக்கணும்னதும் மட்டும் நீ எவடின்னு கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மேலும் சொன்னாள். "இந்தக் கூட்டத்துல ரெண்டாந்தாரம் கட்டினவன் பதினோரு பேரு இருக்கான். எனக்குத் தெரியும். ஒருத்தனும் தாள மாத்தல. நாளைக்கு நீங்க செத்தா உங்க பொண்டாட்டிக்கும் இதே கதிதான்."

பதினோரு தலை குனிந்தது. கெர்கெய் மேசையைத் தட்டினார். "மாத்தாதது மார்த்தோன் தப்பு. சங்கம் என்ன பண்ணும்?"

"மாத்தத்தான் போனான்!" என்று கத்திவிட்டு எத்தெல்கா என் பக்கம் திரும்பினாள். "போர்பாலா சொல்றா. அம்பது சென்ட் மிச்சம்னு சாசேஜ் வாங்கிட்டு வந்தானாம். வேணாம்னு திருப்பி அனுப்புனது நீதானே? சொல்லு கால்மான்."

நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். பதவியில் இருப்பவன் செய்த தவறால் சங்கம் பணம் கொடுக்க நேர்ந்தால், அதை அவன் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதை எழுதியவனும் நான்தான். என் கடை, தையல் இயந்திரம், வாடிக்கையாளர் கொடுத்த துணி எல்லாம் சேர்த்து விற்றாலும் ஆயிரம் தேறாது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு!"

"ஞாபகமில்ல அக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்று என்று போர்பாலா தோற்றாள். நான் இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை, செயலாளர் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டுமல்லவா! எண்ணியதை அழகான கையெழுத்தில் குறிப்பில் எழுதினேன்.

கீழே போய்ச் சொன்னபோது போர்பாலாவுக்கு முதலில் விளங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப யூலிக்கா குடுத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

அந்த வாரமே என் கடையில் கூட்டம். பதினோரு பேரும் தனித்தனியாக வந்தார்கள். ஒருவன் பொத்தான் தைக்க வந்த மாதிரி, இன்னொருவன் அளவு கொடுக்க வந்த மாதிரி. வந்து அங்கே இங்கே பார்த்துவிட்டு ஐம்பது சென்ட்டை வைத்தார்கள். பதிவேட்டில் முதல் முறையாகப் பதினோரு பெண்களின் சொந்தப் பேரை, பிறந்த வீட்டுப் பேரோடு எழுதினேன். ஒருவனுக்கு மனைவியின் பிறந்த வீட்டுப் பேரே தெரியவில்லை, ஓடிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் போர்பாலாவுக்கு எதிராகக் கை தூக்கியவர்கள். ரசீதுகளை எத்தெல்காவிடம் கொடுத்தபோது அவள் எண்ணிப் பார்த்தாள். முகம் சிவந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அவள் செய்தது வேறு. சங்கத்தின் பணம் காசோலையில்தான் வெளியே போகும். அதற்குத் தலைவர் கையெழுத்தும் வேண்டும், பொருளாளர் கையெழுத்தும் வேண்டும். "மார்த்தோன்னே பணம் போற வரைக்கும் வெண்டெல் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாரு" என்று சொல்லிவிட்டாள். நோயாளிகளுக்கு மட்டும் சந்தா வசூலிலிருந்து கையில் கொடுத்தாள். மற்றதெல்லாம் அப்படியே நின்றது. மண்டபத்துக் கடன் தவணை நின்றது. நிலக்கரிக்காரனுக்கு நின்றது. பிட்ஸ்பர்க் ஓவியன் நேரில் வந்துவிட்டான். அவனை மேடைக்கு அழைத்துப் போய்த் திரையைக் காட்டி, "மூணாவது குதிரைக்குக் காலு மூணுதான் இருக்கு. மொதல்ல அத வரைஞ்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். உண்மையிலேயே மூன்றுதான் இருந்தது. அத்தனை பேர் பார்த்தோம், ஒருவரும் எண்ணவில்லை.

கெர்கெய் கடையில் அவளுக்குக் கறி கிடையாது என்றார். "பரவால்ல, உருளக்கெழங்கு தின்னுட்டுக் கையெழுத்துப் போடாம இருப்போம்" என்றாள். வெண்டெலை ஆலையில் கேலி செய்தார்கள், பாவாடை தைத்துத் தரட்டுமா என்றார்கள். அவர் பாவம், சிரித்துக்கொண்டு போனார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

இத்தனைக்கும் நாள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முப்பதாம் நாள் காலையில் ஆலை ஆட்கள் வந்து போர்பாலாவின் கட்டில், மேசை, அண்டா எல்லாவற்றையும் தெருவில் இறக்கினார்கள். ஆறு பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மேட்டுத் தெருக் கிழவர் சொன்ன சொல்லுக்கு முப்பது நாளும் பொறுத்தார், ஒரு நாள் அதிகமும் பொறுத்தார். பிறகு ஒரு ஸ்லோவாக் குடும்பத்துக்கு வீட்டை விற்றுவிட்டார். வெண்டெலும் எத்தெல்காவும் கைவண்டி கொண்டு வந்து சாமான்களை ஏற்றினார்கள். போர்பாலா கிளீவ்லாந்தில் யாரோ உறவுக்காரி நடத்தும் விடுதியில் பாத்திரம் கழுவப் போனாள். கைவண்டி என் கடை வாசல் வழியாகத்தான் போனது. நான் ஒரு கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டு இருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் கெர்கெய் அவசரக் கூட்டம் கூட்டினார். வெண்டெலைப் பதவி நீக்கினால்தான் திரைக்கும் கடனுக்கும் வழி. தணிக்கைக்காரர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பதினைந்து வருடக் கணக்கைக் குடைந்திருந்தார்கள். ஒரு சென்ட் தப்பில்லை. தப்பில்லாதவனை எப்படி நீக்குவது? கெர்கெய் என்னிடம் குனிந்து, "எழுது" என்றார். "பொருளாளர் ஷிப்போஷ் வெண்டெல் சங்கப் பணத்தைத் தன் வசம் முடக்கிக் கையாடல் செய்த காரணத்தால்... எழுது கால்மான். மத்தத வக்கீல் பாத்துப்பாரு."

'கையாடல்' என்ற சொல்லில் பேனா நின்றது. பதினைந்து வருடமாக அவள் செய்ததை எல்லாம் வெண்டெல் செய்தார் என்று எழுதி வந்தவன் நான். இப்போது நான் செய்ததற்கும் வெண்டெலையே எழுதச் சொல்கிறார்கள். எழுதினால் அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார். தன் கூலியைப் பெட்டியில் போட்ட மனுஷன்.

தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான். "மார்த்தோன் வந்தான்" என்றேன்.

"என்ன?"

"பேர மாத்த வந்தான். கல்யாணம் ஆன மறு வாரம். நான்தான் வேணாம், அதே பேருதானேன்னு திருப்பி அனுப்பினேன்."

"அன்னிக்கு ஞாபகமில்லன்னியே?"

"பொய் சொன்னேன்."

ஒருவன் தரையில் துப்பினான். பதினோரு பேரில் ஒருவன், "எங்ககிட்ட அம்பது சென்ட் வாங்கறப்ப மட்டும் ஞாபகம் இருந்துச்சாடா?" என்று எழுந்து வந்தான். அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மறுபடி வாக்கு எடுத்தார்கள். ஏழே பேர் எதிர்த்தார்கள். கெர்கெய் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக் காசோலையில் கையெழுத்துப் போட்டார். கதவோரம் நின்றிருந்த எத்தெல்கா கொண்டு வந்து நீட்டியது, அன்று அவள் எழுதிய அதே காசோலை. தேதியை மாற்றி, 'மார்த்தோன்னே'யை அடித்துவிட்டுப் போர்பாலா என்று எழுதியிருந்தாள்.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஆயிரம் டாலரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. செயலாளர் பதவி போனது, அவ்வளவுதான். அதற்குக்கூட நாலு வருடம் ஆனது, ஏனென்றால் வேறு யாருக்கும் எழுத்து அழகாக இல்லை. 1933இல் வெண்டெல் இறந்தார். மறு வாரமே கணக்கு நோட்டுகளை எத்தெல்காவிடமிருந்து வாங்கி, கெர்கெயின் மருமகனைப் பொருளாளர் ஆக்கினார்கள். பெண்ணைப் போடலாமே என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. மருமகன் மூன்று வருடத்தில் இருப்பைக் கரைத்தான். மிச்சத்தை ஒரு பெரிய சங்கத்தோடு சேர்த்துவிட்டார்கள், அந்தப் பெரிய சங்கத்தின் பத்திரிகைதான் இந்த நாலு வரியைப் போட்டது. எத்தெல்கா கடைசிவரை பள்ளிக்கூடத் தரை துடைத்துச் சாப்பிட்டாள்.

அந்த நாற்பத்துமூன்றாம் நாள் கூட்டம் கலைந்ததும் நான் அவள் பின்னாலேயே படியிறங்கி ஓடினேன். மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், அக்கா ஏதாவது சொல்வாள், குறைந்தது தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன்.

"அக்கா, சொல்லிட்டேன்ல?"

அவள் நின்றாள். காசோலையை மடித்து முன்கச்சைப் பையில் வைத்தாள். சாராயக் கடை வாசலில் டாலர் கேட்பாளே, அந்தக் குரல்தான். அதில் கோபம்கூட இல்லை.

"கெடு முப்பது நாள். இன்னிக்கு நாப்பத்தி மூணு. இத்தன நாளா எங்கடா இருந்த?"

எங்கே இருந்தேன்? எங்கும் போகவில்லை. மூன்று தெரு தள்ளி என் வீட்டில்தான் இருந்தேன். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.